மின்தடை: இரண்டு பத்து முதல் மூன்றே கால் வரை

காலாப்பட்டில் கத்திரி வெயிலின் எட்டாம் நாள்.
ஏ.சி. ஒருமுறை விக்கி நின்றது,
பிறகு தண்ணீர்த்தொட்டியின் இரைச்சல்.
அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே
நின்ற பிறகுதான் தெரிந்தது.

ஜெனரேட்டரில் டீசல் இல்லை என்றார் தானியேல்,
சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி.

சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி.
தண்ணீர், அதில் கால்பங்குக்குச் சற்று மேலே லூட்டிடின்
(மீன் அங்காடியில் யாரோ புதினா கசக்கியது போல நாறும்;
பேருந்தில் என் பக்கத்து இருக்கை
பெரும்பாலும் காலியாகவே வரும்).
இரண்டிலும் மிதக்கும் சிலிக்காத் துகள்கள்,
ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் நிற்கலாம்.

முப்பத்து நான்கு டிகிரிக்குக் கீழே
எல்லாம் ஒரே தண்ணீர்.
தாண்டினால் ரெண்டும் ரெண்டு.
இந்த ஊர் வெயிலுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே
ஒரு சுவரும் ஒரு கம்ப்ரஸரும்தான் இருந்தன.

லேசர் இருட்டு. கேமரா இருட்டு.
பாதரசம் மட்டும் யார் தயவுமில்லாமல் ஏறியது.

முப்பத்து மூன்று புள்ளி எட்டில் குப்பி கலங்கியது.
பால் என்று எழுத வந்தது. பால் இல்லை.
ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் செம்மண்,
பக்கவாட்டில் பார்த்தால் நீலம்,
விடிவதற்குச் சற்று முன்
கடலா வானமா என்று பிரியாமல் கிடக்குமே,
அது.

உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.
பிரிவதா என்று இன்னும் முடிவெடுக்காத திரவம்
திட்டுத்திட்டாகத் தயங்குகிறது.
ஒரு திட்டு தோன்றும், கரையும், வேறிடத்தில் தோன்றும்.
அந்தத் தயக்கத்தின் அகலம்
துகளின் அகலத்தை எட்டும் நொடியில்
துகள்கள் நெருங்கத் தொடங்குகின்றன.
விருப்பம் என்று சொல்லக் கூடாது.
எல்லாவற்றின் மேலும் ஒரே மின்சுமை,
விலகத்தான் வேண்டும்.
இடுக்கில் மாட்டிய திரவத்துக்கு அலைய இடமில்லை,
வெளியே இருப்பதற்கு இருக்கிறது,
அந்த வித்தியாசம் தள்ளுகிறது.
அவ்வளவுதான்.
அவ்வளவுதான் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முப்பத்து நான்கு.
திரவம் இரண்டாகக் கிழிந்து
ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு ஓட,
கிழிசலின் ஓரமெங்கும்
துகள்கள் தோளோடு தோள் வந்து நின்றன.

“படம் எடுடி” என்று கத்தினாள் ஷம்ஷாத்.
போனில் இரண்டு சதவீதம்.
எடுத்ததில் என் கட்டைவிரலும் ஒரு ஜன்னல் கம்பியும்.

போன வாரம் அனுப்பிய கட்டுரையில்
“நாங்கள் கட்டமைத்தோம்” என்று எழுதியிருக்கிறேன்.
இன்று வேர்த்து நின்றதைத் தவிர
நான் எதையும் செய்யவில்லை.

மூன்றே கால். தொட்டி மறுபடி இரைந்தது.
குளிரக் குளிர நீலம் போனது.
தண்ணீரும் லூட்டிடினும்
ஒன்றுமே நடவாதது போல ஒன்றாகின.
ஆனால் குப்பியின் இடுப்பில் மெல்லிய ஒரு தோல்.
குலுக்கினேன். போகவில்லை.
எல்லை கரைந்துவிட்டது,
எல்லையில் நின்றவை நிற்கின்றன.

பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை. தரவு இல்லை.

ஆறரைப் பேருந்து
பொம்மையார்பாளையத்தில் தமிழ்நாடானது,
கோட்டக்குப்பம் தாண்டி மறுபடி புதுச்சேரியானது.
இரண்டு ஊரிலும் ஒரே புழுக்கம்.
கோடு எங்கே என்று பிராந்திக்கடைப் பலகைகளுக்குத்தான் தெரியும்,
அவை சரியாக அதன் விளிம்பில் குவிந்து
விளக்கு போட்டிருந்தன.

முத்தியால்பேட்டையில்
காலி ஐஸ்பெட்டியோடு ஒருத்தி ஏறி
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
ஒருமுறை முகர்ந்தாள்.
“மருந்து கம்பெனியா?”
“இல்ல. தண்ணிதான்” என்றேன்.

அவள் சிரித்து முடித்த பிறகுதான்
இந்த ஊரில் தண்ணி என்றால் என்னவென்று
எனக்கு உறைத்தது.